கிமோனோவில் கண்ட நம் கரை



விருத்தாசலத்துக்காரன் ஒருவன் டோக்கியோவின் தேசியப் பொருட்காட்சிசாலையில் முதலில் எதைத் தேடுவான்? பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊரில் வளர்ந்த நான், மட்கலங்களைத்தான் தேடிப் போனேன். ஆனால் வழியிலே என்னை நிறுத்தி வைத்தவை கிமோனோக்கள்.

கிமோனோ என்னும் சொல்லுக்கு 'அணியும் பொருள்' என்பதே பொருள். பண்டைப் பிரபுக்கள் பல அடுக்கு ஆடைகளுக்குள்ளே அணிந்த 'கொசொதே' என்னும் உடையே, நாளடைவில் வெளியாடையாகிக் கிமோனோவாக மலர்ந்தது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான துணியை நேராக வெட்டித் தைப்பர். கழித்தெறியும் துண்டே இல்லை. துவைக்கும்போது தையலைப் பிரித்து, மீண்டும் இணைப்பதும் உண்டு.

இத்துணைச் சிக்கனமான உடைக்கும் நமக்கும் என்ன உறவு என்கிறீர்களா? 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் அயலாருக்குக் கதவடைத்தது. 1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே நாகசாகியை ஒட்டிய தெசிமா என்னும் சிறு தீவிலிருந்து வாணிகம் செய்ய இயன்றது. அவர்கள் கொண்டுசென்ற சரக்குகளுள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் ஒன்று. கோடுகள் ஓடிய ஒருவகைத் துணியை ஜப்பானியர் 'சந்தொமே' என்றனர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரன்றோ அது! பின்னர் அதைப் பார்த்துத் தாமே நெய்து, கிமோனோவும் தைத்துக்கொண்டனர். நம் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலந்து கடல்சேரும் பரங்கிப்பேட்டையிலும் அந்நாளில் டச்சுப் பண்டகசாலை இருந்தது.

அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் ஏறிய நம் சித்திரத் துணிகளுக்கு அங்கே 'சரசா' என்று பெயர். அவை கிடைத்தற்கு அரியவை. ஆதலால் சிறு துண்டையும் போற்றினர்; தேநீர்ச் சடங்கிற்குரிய மண்சிமிழுக்கு அதனால் உறை தைத்தனர். ஹிகோனே பிரபுக் குடும்பம் தொகுத்துக் காத்த 450 சரசாத் துண்டுகள் இன்று அக்காட்சிசாலையின் உடைமை. அவற்றுள் பெரும்பாலானவை இந்தியத் துணிகள்.

கலத்தைத் தேடிச் சென்ற நான், கலத்தின் உறையில் நம் கரையைக் கண்டேன். மகிழ்ந்தேன், மறுகணமே நாணினேன். அத்துண்டுகளைக் காத்தவர் பெயரை உலகம் அறியும்; அவற்றைத் தீட்டியவர் பெயரை நம்மில் எவர் அறிவர்?

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியாரின் பழஞ்சேலை ஒன்று இருக்கக்கூடும். அது எவ்வூரில் நெய்யப்பெற்றது, நெய்தவர் யார் என்று இன்றே கேளுங்கள். கேட்டதை எழுதி, அச்சேலையின் மடிப்பிலேயே வையுங்கள்.