சிறுத்தையின் ராத்திரி மெனு

அபார்ட்மென்ட் கேட் பக்கம் சிறுத்தை நடந்துபோற சிசிடிவி வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். கூடவே ஒரு கமென்ட்: "காட்டுல சாப்பாடு இல்ல, அதான் ஊருக்குள்ள வருது." இது உண்மையா? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

சிறுத்தை வண்டுல இருந்து பெரிய மான் வரைக்கும் எதையும் சாப்பிடும். ஆனா அதுக்கு வசதியான இரை, சுமார் 10 முதல் 40 கிலோ எடைக்குள்ள இருக்கிற விலங்குகள். காரணம் சிம்பிள். சிறுத்தை தனியா வேட்டையாடும். தனக்கு அடிபட்டா, சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க யாரும் கிடையாது. அதனால ரிஸ்க் கம்மியான இரையாப் பார்க்கும். காட்டுல அது கேளையாடு, புள்ளிமான், குரங்கு.

சரி, ஒரு தெருநாய் எத்தனை கிலோ இருக்கும்? புரியுதா?

மகாராஷ்டிராவுல அகோலேன்னு ஒரு பகுதி. காடு கிடையாது, கரும்புத் தோட்டங்களும் ஊர்களும்தான். சிறுத்தைகள் அங்கேயே வாழுது, குட்டியும் போடுது. ஆராய்ச்சியாளர்கள் அதோட எச்சத்தைச் சேகரிச்சு, உள்ளே இருந்த முடியை வெச்சு என்ன சாப்பிட்டிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எடைக் கணக்குல 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டும் 39 சதவீதம். ஆடு வெறும் 11. இத்தனைக்கும் அங்க நாய்களைவிட ஆடுகள் ஏழு மடங்கு அதிகம்!

ஏன் அப்படி? ஆட்டைப் பகல்ல ஆள் பார்த்துக்கிறாங்க, ராத்திரி பட்டியில அடைக்கிறாங்க. நாய் ராத்திரி முழுக்க வெளியிலதான் சுத்துது. சிறுத்தைக்கு நாய்க்கறி மேல தனி ஆசையெல்லாம் இல்லைங்க. எது சுலபமாக் கிடைக்குதோ, அதுதான் சாப்பாடு.

மும்பைக்கு வருவோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுத்தி நகரம் நெருக்கிட்டு நிக்குது. அங்க அப்போ இருந்த சுமார் 35 சிறுத்தைகள் வருஷத்துக்கு 1,500 நாய்கள் வரை சாப்பிடலாம்னு 2018-ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. பூங்காவை ஒட்டி நாய்கள் குறைவா இருக்கிறதால, நாய்க்கடியும் ரேபிஸ் ஆபத்தும் அங்க குறையலாம்னும் சொன்னாங்க.

அதுக்காக சிறுத்தையைக் காவலுக்கு வெச்சுக்கலாம்னு நான் சொல்லல. ராத்திரி தனியா வெளிய போற ஒரு குழந்தைக்கு அது நிஜமான ஆபத்து. ஆனா, குப்பையைத் தேடி நாய் வருது, நாயைத் தேடி சிறுத்தை வருது. "கூண்டு வெச்சுப் பிடிங்க"ன்னு கத்துறதுக்கு முன்னாடி, தெருமுனைக் குப்பைத்தொட்டி நிரம்பி வழியுதான்னு ஒரு தடவை பாருங்க. அந்த ராத்திரி மெனுவை எழுதுறதுல நமக்கும் பங்கு இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.