சக்கரத்தின் மேல் குடித்தனம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்கா போய்விட்டு வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் பிட்ஸ்பர்க் கோவிலைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியாகிவிட்டது. நான் வேறொன்று சொல்கிறேன். 2023-இல் ஒஹையோ மாநிலத்தில் பிள்ளையின் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். எதிர்வீட்டுத் தம்பதி, முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு கேம்பர் வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 67 வயது. பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாளுக்கு 63. நானும் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் என்று தெரிந்ததும் என்னைத் தினமும் வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

முதலில் வண்டியைப் பற்றி. மோட்டாரும் வீடும் ஒன்றாக இருப்பது ஒரு வகை. இவர்களுடையது லாரி மாதிரியான பிக்கப் வண்டியின் பின்தட்டில் கொக்கி போட்டு இழுக்கும் டிரெய்லர். ஃபிஃப்த் வீல் என்கிறார்கள். உள்ளே படுக்கையறை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உண்டு. நிறுத்தியபின் ஒரு பித்தானை அமுக்கினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகிறது.

இந்த வாழ்க்கைக்கு எஜமானர் எடைதான். அவர்கள் டிரெய்லர் அதிகபட்சம் 6,350 கிலோ இருக்கலாம். காலியாகவே 5,260 கிலோ. மிச்சம் 1,090 கிலோவுக்குள் தண்ணீர், துணிமணி, பாத்திரம், புத்தகம், கருவிகள், ஒரு முழு வாழ்க்கை. மீறினால் டயர் வெடிக்கும், அச்சு வளையும், பிரேக் பிடிக்காது. எனக்கு 33 வருஷ உத்தியோகத்தில் 11 மாற்றல். சாமான் ஏற்றுவதற்கு அரசாங்க விதியிலும் எடை வரம்பு உண்டுதான். யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

அவர் நிறுத்துப் பார்த்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கான எடைமேடை இருக்கிறது. பிக்கப்பும் டிரெய்லருமாக ஏறி ஒரு சீட்டு; டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் ஏற்றி இன்னொரு சீட்டு. கழித்தலை என்னைச் செய்யச் சொன்னார். 281 கிலோ அதிகம்! வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை.

தண்ணீர்த் தொட்டி 60 காலன். நிரப்பினால் 227 கிலோ. போகிற இடத்தில் குழாய் இருக்கும் என்றால் மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும். அதில் 151 கிலோ மிச்சம். பாக்கி 130 கிலோவை எங்கே குறைப்பது என்பதில்தான் தகராறு. அவர் கருவிப்பெட்டியைத் தொடவிடவில்லை. அந்த அம்மாள் தையல் மெஷினைத் தொடவிடவில்லை. கடைசியில் இரண்டுமே போயின. புத்தகம் மட்டும் அறுபது கிலோ போயிற்று. அம்மாவின் பியானோவை ஏற்கெனவே சர்ச்சுக்குக் கொடுத்திருந்தாள். அன்று அழாதவள், தையல் மெஷினுக்கு அழுதாள் என்று என் மனைவி சொன்னாள்.

மின்சாரக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி நான்கு. மொத்தம் ஐந்து யூனிட் சேமிப்பு. விளக்குக்கும் விசிறிக்கும் தாராளம். கூரை ஏ.சி.யைப் போட்டால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இந்த வகை பாட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ஆகவே குளிர்காலத்தில் தெற்கே போயாக வேண்டும். பறவைகள் மாதிரி.

கழிவுநீருக்கு இரண்டு தொட்டிகள்: குளியல், சமையலுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. நிரம்பியதும் குழாய் மாட்டி நாமேதான் திறந்துவிட வேண்டும். மாமிகள் மூக்கைச் சுளிக்க வேண்டாம், அங்கே இது ஐயா வேலை.

தங்குவதற்கு, 62 வயதான அமெரிக்கவாசிக்கு 80 டாலரில் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள்கால அனுமதிச் சீட்டு உண்டு. மத்திய அரசின் பொது நிலங்கள் பலவற்றில் 14 நாள் வரை இலவசமாகவே முகாம் போடலாம். ஆனால் நிலையான முகவரி இல்லாவிட்டால் ஓட்டுநர் உரிமம் ஏது, இன்ஷூரன்ஸ் ஏது? இதற்குத் தெற்கு டகோட்டா மாநிலம் வழி வைத்திருக்கிறது. தபால் வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையத்தில் ஒரு முகவரி, அந்த மாநிலத்தில் ஓர் இரவு தங்கிய ரசீது, இரண்டையும் காட்டி உரிமம் வாங்கலாம். மாநில வருமான வரியும் கிடையாது. ஒரு இரவில் ஊர்க்காரர்! 2014-இல் ஜீவன் பிரமாண் வரும்வரை, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல நவம்பர் தோறும் பாங்க் வரிசையில் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது.

சிக்கல் வைத்தியத்தில்தான். 65 வயதானால் அரசாங்கத்தின் மெடிகேர். அதிலும் தனியார் நிறுவனம் நடத்தும் திட்டத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து டாக்டர்கள்தான். அசல் மெடிகேர் என்றால் அதை ஏற்கும் டாக்டர் எந்த மாநிலத்திலும் பார்ப்பார். அவர் அசலில் இருந்தார். அந்த அம்மாளுக்கு இன்னும் இரண்டு வருஷம் தனியார் இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டும். மாதா மாதம் அது தின்ற பணத்தைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன்.

அவர் இருபது பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தார். அதில் இல்லாத ஒன்றை அந்த அம்மாள் என் மனைவியிடம் சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "இவருக்கு 2019-இல் ஸ்டென்ட் வைத்தார்கள். வழியில் மார்வலி வந்தால் இந்த ரயிலை நான் எப்படி ஓரம் கட்டுவேன்?" ராத்திரி என் மனைவி என்னிடம் சொன்னாள். பிறத்தியார் குடும்ப விஷயம், சொல்வதா வேண்டாமா என்று நான் தயங்கினேன். "நீங்கள் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்றிருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. பள்ளிக்கூடத்துக் காலி மைதானத்தில் ஆரஞ்சு கூம்புகளை வைத்துவிட்டு, டிரைவர் ஸீட்டில் மனைவியை உட்கார்த்தினார். ரிவர்ஸில் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைத்துக்கொண்டால், கை போகும் திசையிலேயே டிரெய்லரின் பின்பக்கம் போகும். முதல் ஞாயிறு மூன்று கூம்புகள் சாய்ந்தன. நாலாவது ஞாயிறு ஒன்றும் சாயவில்லை. என் மனைவி கைதட்டினாள்.

இதை இங்கே ஒரு நண்பரிடம் சொன்னேன். "அடடா, வானப்ரஸ்தம்!" என்றார். ஏ.சி.யும் ஐம்பது ஆம்பியர் ப்ளக்கும் வைத்துக்கொண்டு வானப்ரஸ்தமா? அதைவிட, வீட்டை விற்பது எனக்குச் சம்மதமில்லை என்று அவரிடமே சொன்னேன். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும். வீட்டின் விலை ஏறும். திரும்பி வர நினைத்தால் அதே தெருவில் வாங்க முடியாது. அவர் சண்டை போடவில்லை. விற்ற பணத்தில் பாதியைத் தொடாமல் டெபாசிட்டில் போட்டிருப்பதாகச் சொன்னார். ஓட்ட முடியாத நாள் வந்தால் ஒரு சின்ன அபார்ட்மெண்டுக்கு அது. 1978-இல் தொடங்கிய எஸ்கேபீஸ் என்ற சங்கம் இவர்களைப் போன்றவர்களுக்கானது. ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் உதவியும் பெற டெக்ஸாஸில் அது ஓர் ஏற்பாடும் செய்தது. அப்படியும் என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் முடிவைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள் என்பதில் ஒரு நிம்மதி. எங்கள் ஃபிளாட்டைப் பற்றி நானும் என் மனைவியும் அதுவரை அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. அன்று ராத்திரி பேசினோம். உடன்பாடு ஏற்படவில்லை, இன்றுவரை.

செப்டம்பர் கடைசியில் கிளம்பினார்கள். தெரு முனை வரை அந்த அம்மாள்தான் ஓட்டினாள். போகுமுன் ஒரு வார்ப்பிரும்பு வாணலியை என் மனைவியிடம் கொடுத்தாள். 281 கிலோ கணக்கில் தள்ளுபடியானது. மூன்றரை கிலோ. விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். என் புத்தகங்களில் நாலைப் பிள்ளையின் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். வாணலி இங்கே வந்துவிட்டது. அதில் அடை நன்றாக வருகிறது.