மறதி நோயும் மறைக்கும் குடும்பமும்
(ஆரணியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது குலத்தார் வீடுகளில் பேசப்படாத விஷயங்கள் பல உள. அவற்றுள் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டோம். ஐம்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்த ஒரு பெரியவர், பேசிக்கொண்டே பாவு பிணைக்க வல்லவர், ஒரு நாள் எவ்விழையை எதனோடு பிணைப்பதென்று திகைத்து நிற்கிறார். வாங்கிய கூலியை மறந்து மீண்டும் கேட்கிறார். 'வயதாகிவிட்டது' என்று சிலகாலம் தள்ளுகிறோம். பின்னர் வேலூருக்கோ சென்னைக்கோ அழைத்துச் சென்று காட்ட, டிமென்ஷியா என்னும் மறதி நோயென்று வைத்தியர் கூறுகிறார். உடனே மகன் அவரைத் தனியே அழைத்து வேண்டுவது, 'ஐயா, அப்பாவிடம் மாத்திரம் சொல்லிவிடாதீர்கள்' என்பதே. ஊரார் அறியலாகாதென்பது அடுத்த வேண்டுகோள்.

இவ்வேண்டுகோள் அன்பிற் பிறந்தது. அதை இகழ நமக்கு மனமில்லை. ஆயினும் அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இந்நோய் அரிதன்று. 1906-இல் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதன் முக்கிய வகையை விவரித்தார். நம் தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆகவே இஃது எவர் குடும்பத்துக்கும் தனி இழுக்காகாது.

'வெளியே தெரிந்தால் பேத்திக்கு வரன் அமையுமா?' என்பார் உளர். நேரே வம்சவழியாய் இறங்கும் வகை மிகச் சொற்பம்; அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்னரே தலைகாட்டும். எழுபதிலும் எண்பதிலும் வருவதைக் கொண்டு பேத்தியின் சம்பந்தத்தைக் கலைப்பது அறியாமையேயாம். வெட்கத்தால் வைத்தியரிடமே போகாதிருத்தல் அதனினும் கேடு. பி-12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, விழுந்து அடிபட்டதால் மண்டையினுள் கட்டிய இரத்தம், மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவை சிகிச்சைக்கு இணங்குவன.

இனி நோயாளியின் கட்சியைப் பார்ப்போம். அவரோ தம்மிடம் ஏதோ பிசகு நேர்ந்திருப்பதை நம்மினும் முன்பே உணர்ந்தவர். சாவிக்கொத்தை நாம் ஒளிப்பதும், அறைக்குள் தாழ்ந்த குரலிற் பேசுவதும், அவர் வந்ததும் பேச்சை நிறுத்துவதும் அவருக்குத் தெரியாதனவல்ல. காரணம் அறியாதவிடத்து, பிள்ளைகள் சொத்தைப் பிடுங்கச் சூழ்கின்றனர் என்றே அவர் நினைக்கிறார். சந்தேகம் இந்நோய்க்கு இயல்பு; அதற்கு நாமே எண்ணெய் வார்க்கிறோம்.

மேலும் அவருக்கு மிஞ்சியுள்ள தெளிந்த காலம் குறைவு. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதுவோர் தெளிந்த மனத்தினராயிருத்தல் வேண்டும். நோய் தொடங்கிய மாத்திரத்தில் அத்தெளிவு போய்விடுவதில்லை; முற்றினால் போய்விடும். வீட்டை யாருக்கு, தறியை யாருக்கு, கைமாற்று வாங்கியவர் யார், தம்மை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பனவெல்லாம் அவர் வாயாற் சொல்லவேண்டிய காலத்தை, நாம் 'ஒன்றுமில்லை அப்பா' என்று சொல்லியே கழித்துவிடுகிறோம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும், நோயின் தன்மையை அறியும் உரிமையை முதலில் நோயாளிக்கே அளிக்கின்றது.

பாதுகாப்பு மந்திரியாயிருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் இந்நோயால் தளர்ந்தபின், அவரை யார் பராமரிப்பது, யார் சந்திப்பது என்ற வழக்கு 2010-இல் தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. அரசியலில் அத்துணைக் குரலெடுத்துப் பேசியவரைப் பற்றிப் பிறர் வாதாடினர். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரீகனோ, தம் நோயைத் தாமே 1994 நவம்பரில் தம் ஜனங்களுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். அவர் அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு, அச்செயல் நன்று.

சொல் என்றதும் தலையில் போட்டுடைக்கச் சொல்லவில்லை. 'வைத்தியர் சொன்னதை நீங்கள் கேட்க விரும்புகிறீர்களா?' என்று முதலில் வினவுக. வேண்டாமென்றால் விட்டு, பிறிதொரு நாள் வினவுக. கேட்க விரும்பினால், வைத்தியர் வாயிலாகவே, மனைவியும் மக்களும் அருகிருக்கச் சொல்லுக. நோய் முற்றியபின் நியாயம் மாறும். காலமான கணவரை, 'இன்னும் தறியிலிருந்து எழவில்லையா?' என்று தாயார் தேடும்போது, 'அவர் இறந்து பத்து வருஷமாயிற்று' என்று நாள்தோறும் உரைப்பது உண்மையன்று, கொடுமை. ஒவ்வொரு முறையும் அவ்வம்மையாருக்கு அது புதிய சாவு. அங்கே 'அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா' என்று பேச்சுக் கொடுத்தல் தகும். தொடக்கத்தில் மறைப்பதையும் இதையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது.

இரகசியத்தின் பாரம் முழுதும் விழுவது மருமகள் தலைமேல். இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் தார் சுற்றி, அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லாதே என்ற கட்டளையையும் அவள் சுமக்கிறாள். நமது தெருக்களிலோ திண்ணைக்குத் திண்ணை மனிதர் உண்டு. வாசற்கதவு திறந்திருந்த சமயம் பெரியவர் இறங்கி நடந்துவிட்டால், பஸ் நிலையத்தில் அவரைக் காண்பவர், 'எங்கேயோ வெளியூர் போகிறார்' என்று கும்பிட்டு விலகாமல், 'வாருங்கள் மாமா, வீட்டுக்குப் போவோம்' என்று கைபிடித்து அழைத்துவர, அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?