அரிசிப் பையின் பெயர்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் உள்ளது உடையார்கட்டு. குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். அவ்வூரில் ஒருவர் நெல்லை அவித்துக் குற்றிப் பையிலடைத்து, மேலே "உடையார்கட்டு அரிசி" என்று அச்சிட்டு விற்கிறார் என வைத்துக்கொள்ளலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்துவிட்டார். இனி அப்பெயர் தமக்கே உரியதென்று அவர் எண்ணுவாராயின் அது தவறு.

வியாபாரப் பெயர்ப் பதிவு, இன்ன பெயரில் தொழில் நடத்துபவர் இன்னார் என்று காட்டுவது மட்டுமே. பையின்மேலுள்ள குறியைத் தனியுரிமையாக்க, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் ஒரு தடை உண்டு. பொருள் பிறந்த இடத்தை மாத்திரம் சுட்டும் சொல் தனியொருவரின் குறியாகாது. ஊர்ப்பெயர் ஊராருக்கெல்லாம் பொது என்பது நியாயந்தானே! ஆகவே, தனித்த சொல்லோ சித்திரமோ அதனோடு சேரவேண்டும். அல்லது கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் யாவருக்குமாகக் கூட்டுக்குறி ஒன்றைப் பதியலாம். விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியானபின் மூன்று மாதத்துள் எவரும் எதிர்க்காவிடில் குறி பதிவாகும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம்.

பதியாது வழங்கிய குறியையும் சட்டம் முற்றாகக் கைவிடவில்லை. முன்னமே வழக்கிலுள்ள குறியென அறிந்தும் இன்னொருவர் அதைத் தமதென்று பதிய வந்தால், முன்னையவர் எதிர்க்கலாம். ஆனால் எதைக் காட்டி எதிர்ப்பது? பழைய பற்றுச்சீட்டையும் கணக்குப் புத்தகத்தையும் காட்டித்தான். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் இவ்வூரைச் சூழ்ந்தபோது சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். கணக்குப் புத்தகத்தை அப்போது யார் நினைப்பார்? நெடுங்காலம் தொழில் செய்த குடும்பமும், அதை மெய்ப்பிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நிற்க நேரும். வேறிடத்தாரைக் காட்டிலும் வன்னியாருக்குப் பதிவு அவசியமாவது இதனாலேயே.

பைக்குச் சித்திரம் வரைந்தவரையும் மறக்கலாகாது. கூலி கொடுத்ததனால் மட்டும் சித்திரத்தின் பதிப்புரிமை வியாபாரியிடம் வந்துவிடாது. கையொப்பத்துடன் எழுதி வாங்கவேண்டும். சம்பள ஊழியர் தம் வேலையாக வரைந்ததாயின் வேறு கதை.

இனி அரசாங்கக் கொள்வனவு. ஆஸ்பத்திரிக்கு அரிசி வழங்கக் கேள்விப்பத்திரம் கோரப்படும்போது, விலைப் பக்கத்தை மாத்திரம் பார்த்து ஒப்பமிடுவோர் பலர். தாமதத்துக்குத் தண்டம் எவ்வளவு, பிணைப்பணம் எப்போது திரும்பும் என்பனவெல்லாம் பின்பக்கங்களில் இருக்கும். ஒப்பந்தம் 50 இலட்சம் ரூபாவை விஞ்சுமாயின், 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி பதிவும் வேண்டும்.

"இன்னும் பத்து மூடை அனுப்புங்கோ" என்று களஞ்சியப் பொறுப்பாளர் வாய்மொழியாகச் சொல்லக்கூடும். அதைக் கைத்தொலைபேசிச் செய்தியாகவேனும் கேட்டுப் பெற்றுப் பேணுவது நல்லது. இலத்திரனியல் வடிவில் இருப்பதொன்றையே காரணமாக்கி அதைத் தள்ளிவிட 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடந்தராது. காலக்கெடுவும் உண்டு. 1871 ஆம் ஆண்டிலிருந்து நிலவும் கட்டளைச் சட்டமொன்று, எழுத்திலுள்ள உடன்படிக்கைமீது வழக்கிட 6 ஆண்டு தருகிறது. எழுத்தின்றி விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கோ 1 ஆண்டுதான். கந்தோர் வாசலில் "அடுத்த மாதம் வாருங்கோ" என்பதைப் பன்னிரண்டு முறை கேட்டுத் திரும்பியவருக்கு அந்த ஓராண்டு முடிந்துபோயிருக்கும்.