ஒரு குடம் தண்ணீர்

(ஆம்பூரில் நடந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் பேசியது)



மேற்கு நேபாள மலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாங்கள் கணவனும் மனைவியுமாக ஊழியம் செய்த நாட்களைப்பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே" என்று வாசலிலேயே இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள். பட்டோம்தான். ஆம்பூர் வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிரில் விரல்கள் வீங்கி அரித்தன. 2008-09 குளிர்காலத்தில் அந்நாட்டில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பிரியாணிக்கு ஏங்கினோம் என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் 1819இல் நியூயார்க்கில் நல்ல வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு இலங்கைக்குக் கப்பலேறி, வழியில் கல்கத்தாவில் தன் சிறுமகளை அடக்கம் செய்துவிட்டுப் பண்டத்தரிப்பு போய்ச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடரை நினைத்தால், எங்கள் கஷ்டத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய பேத்திதான் வேலூரில் 1900இல் வேலை தொடங்கிய ஐடா அம்மையார்.

நாங்கள் சொல்ல வந்தது தண்ணீரைப்பற்றி.

கோடையில் எங்கள் குவார்ட்டர்ஸ் குழாய் வற்றிவிடும். கீழ்ச்சரிவிலிருந்த ஒரு அக்காள், தீதி என்று கூப்பிடுவோம், ஊற்றிலிருந்து செப்புக்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். குடத்தைக் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, குனிந்தபடியே மேடேறி வருவார். மாலையில் ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளித்துவிட்டு, இந்தச் சௌகரியத்துக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லிப் படுப்போம்.

ஒரு நாள் அந்தத் தீதி பெண்கள் வார்டுக்கு நோயாளியாக வந்தார். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பாரம் தூக்கியவர்களிடம் அந்த மலைநாட்டில் அதிகம் காண்கிற வியாதி. வெட்கத்தினால் எத்தனையோ வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறார். எங்களுக்கு நீர் சுமந்த நாட்களும் அதில் அடக்கம். எங்களில் நர்ஸ் வேலை பார்த்தவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்குத் தாவீது ஆசைப்பட்டதும், மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததை அவர் குடிக்க மனமில்லாமல் ஊற்றிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் அது எங்களுக்கு வீரக்கதை. அன்றுதான் வேறுவிதமாகக் கேட்டது. பழைய மிஷன் பங்களாக்களில் பங்கா இழுத்தவர்களும் நினைவுக்கு வந்தார்கள். துரைமார் தூங்கியதற்காக ஸ்தோத்திரம் செய்திருப்பார்கள். கயிறு பிடித்தவன் பெயரை நாங்கள் வாசித்த சரித்திரம் எதிலும் காணோம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றோம். தீதி சிரித்தார். மறுநாள் காலை அவருடைய பன்னிரண்டு வயது மகள் அதே கூடையோடு எங்கள் வாசலில் நின்றாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாங்களே ஊற்றுக்குப் போனோம். இறங்கக் கால்மணி, ஏற முக்கால் மணி. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. டாக்டர் தண்ணீர் எடுக்கிற வேடிக்கையைப் பார்க்க ஊரே வெளியே வந்தது! அதன்பின் இருவருக்கும் சேர்த்து ஒரே வாளிதான்.

லீவில் வீட்டுக்கு வந்தோம். சிறுவயதில் இளநீர்போல் இருந்த எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாதபடி உப்பாகிக் கிடந்தது. பாலாற்றங்கரையின் நிலைமை நீங்கள் அறியாததல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கெட்டுப்போன கிணறு அதனால் உடனே இனித்துவிடுமா? எங்களைப் படிக்கவைத்தது டேனரிக் கூலி. உங்கள் காணிக்கையிலும் அந்தப் பணம் உண்டு. ஆகையால் யாரையும் குற்றம் சொல்ல இங்கே நிற்கவில்லை. பேசாமல் போகவும் மனம் வரவில்லை. விலைக்கு வாங்கிய கேனிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அங்க தண்ணிக்குக் கஷ்டமாப்பா?"

அந்த ஊற்றிலிருந்து பெண்கள் வார்டுக்கும் கீழ்ச்சரிவு வீடுகளுக்கும் குழாய் போடத் திட்டமிட்டிருக்கிறார்கள். இன்று எடுக்கிற காணிக்கை முழுவதும் அதற்கே போகும். பை இப்போது பின்வரிசையிலிருந்து வருகிறது.