தையல் இயந்திரம் அடகுக் கடைக்குப் போகாதிருக்க

(நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஏழைச் சகோதரிகள் சுயதொழில் செய்து பிழைக்கத் தையல் இயந்திரம் வாங்கித்தர உங்களில் பலர் முன்வந்திருக்கிறீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனாலும் வார்டுகளில் நாங்கள் காண்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

பூக் கட்டுகிற, இட்லி விற்கிற, காய்கறிக் கூடை சுமக்கிற பெண்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. வட்டிக் கணக்கில் நம்மையே மிஞ்சுவார்கள். அவர்களை வீழ்த்துவது வீட்டில் வரும் வியாதி. பிள்ளைக்கு டைபாய்டு என்றால் பத்து நாள் வியாபாரம் இல்லை. கைமுதல் மருந்துக்கே கரைந்துவிடும். பிறகு தண்டல்காரர்தான். வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 850 ரூபாய் கொடுப்பார். தினம் 10 ரூபாயாக 100 நாளில் 1000 வாங்குவார். 2003-ல் நம் மாநிலத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பின்னும் இது நிற்கவில்லை. கடைசியில் தையல் இயந்திரம் அடகுக்குப் போகிறது.

அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய 'சேவா' சங்கத்துப் பெண்கள் 4000 பேர், தலைக்கு 10 ரூபாய் போட்டு 1974-ல் ஒரு வங்கியே நிறுவினார்கள். தவணை தவறுகிறவர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று விசாரித்தபோது, நோயும் பிரசவ ஆபத்துமே முக்கிய காரணமாகத் தெரிந்தன. ஆகவே 1992-ல் காப்பீட்டையும் தொடங்கினார்கள். அதே ஆண்டில் நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அதனால் இன்று நம் பெண்களுக்கும் நியாயவட்டிக் கடன் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய அறுவை சிகிச்சைக்கு உதவுகிறது. காய்ச்சல் மாத்திரையும், பஸ் செலவும், இழந்த நாள் வருமானமும் அதில் வராது.

எலிசாவிடம் வந்த விதவையை நினைத்துப் பாருங்கள். எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கச் சொன்னார் தீர்க்கதரிசி, மீதியில்தான் ஜீவனம். (பிரசங்கங்களில் எண்ணெய் பெருகியதையே பேசிவிட்டுக் கடன் தீர்ந்ததை விட்டுவிடுகிறோம்.)

ஆகவே இயந்திரத்துக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள், ஒரு பகுதியை ஏழை நோயாளர் நிதிக்கென்று குறித்து அனுப்பும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம். வியாபாரம் கெடாமல் தாய்மார் பிள்ளைகளோடு வரும்படி, மாலை 6 மணி முதல் 8 மணி வரை புறநோயாளர் பிரிவைத் திறந்துவைக்க விரும்புகிறோம். அதற்கு ஒரு செவிலியரின் சம்பளமும் மருந்துச் செலவும் தேவைப்படுகின்றன. ஜெபத்தோடு யோசித்துப் பாருங்கள்.