எழுத்தில் இல்லாத சம்பளம்

(திருப்பூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பார்க்க வீடுகளுக்குப் போகும்போது, கட்டிலருகே அநேகமாய் ஒரு பெண்மணி நிற்பார்கள். "இவங்க யாரு?" என்று கேட்டால், "அக்காங்க, நம்ம வீட்டு மனுசி மாதிரி" என்று பதில் வரும். சம்பளம் மாதாமாதம் ரொக்கமாய்க் கைமாறுகிறது. நோட்டுமில்லை, ரசீதுமில்லை. செலவை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நானும் எண்ணியிருந்தேன். கேட்டுப் பார்த்தபோது காரியம் வேறாயிருந்தது.

நமது ஊர் வேலையை நீங்கள் அறிவீர்கள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனால், ஒன்றரை ஷிப்டு முடிய இரவு எட்டரை. மகனும் போகிறார், மருமகளும் போகிறார். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் கிடையாது. வாதம் வந்து கிடக்கும் தாயாரைப் புரட்டிப் படுக்க வைக்க, ஆகாரம் ஊட்ட, துணி மாற்ற யார் இருக்கிறார்கள்? ஏஜென்சியில் கேட்கும் தொகை ஒரு டெய்லரின் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே அதே காம்பவுண்டில் குடியிருக்கும் ஒருவரைக் கேட்கிறார்கள். அவர்களும் யார்? செக்கிங்கிலும் கைமடியிலும் வருஷக்கணக்காய் நின்று, கண் மங்கி, கால் வீங்கி, கம்பெனியை விட்டு நின்றவர்கள்.

அப்படி ஒரு அம்மாளுக்கு 57 வயது, விதவை. "சம்பளத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாமே" என்றேன். "ஏனுங்க டாக்டரய்யா, எழுதிப்புட்டா விதவைப் பணம் நின்னு போயிருமுங்களே?" என்றார்கள். அந்தப் பயத்தை அற்பமென்று என்னால் தள்ள முடியவில்லை. வீட்டாருக்கோ வேறு பயம்: கையெழுத்துப் போட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று யாராவது வந்து நிற்பார்களோ என்று. பி.எஃப். 20 பேர் வேலைசெய்யும் இடத்துக்கு, இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள இடத்துக்கு. ஒரு வீட்டின் வாசற்படி ஏறி இவை வருவதில்லை. அந்த அம்மாளைக் காக்கவும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், வீட்டுப் பணியாளருக்கென்று 2007-இல் நலவாரியம் அமைந்தது. 2018-இல் வீட்டு நர்ஸ்களையும் சேர்த்து, மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். இதை அறிந்த வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. மற்றவர்களைச் சொல்வானேன்? என் தாயாரைப் பார்த்துக்கொண்டவருக்கு நானும் கவரில் போட்டுத்தான் கொடுத்தேன். அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால், சம்பளப் பேச்சு எடுக்க இரு பக்கமும் கூச்சம்.

சென்ற வருஷம் அந்த அம்மாள், பாட்டியைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்து மூன்று வாரம் எழும்பவில்லை. வீட்டார் பொல்லாதவர்கள் அல்ல. பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கொடுக்க அவர்களிடம் இல்லை, ஆகவே வேறொருவரை வைத்துக்கொண்டார்கள்.

வாரியத்தில் 60 வயது வரைதான் பதியலாம்; பதிந்தவர்களுக்கே பிற்பாடு ஓய்வூதியம். இந்த வேலை செய்கிறார் என்று ஒருவர் சான்று தரவேண்டும். அந்த வீட்டு மகனிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மூன்று நாள் யோசித்து, ஒரு சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கி வந்த கையோடு கையெழுத்திட்டார்.

அம்மாள் இன்னும் கையெழுத்திடவில்லை. விண்ணப்பத்தை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் விதவைப் பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்.